அத்தையின் ஸ்வெட்டரும் ஒரு போர்வையும்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், ஏனென்றால் உடம்பு சரியில்லாதவளோடு சண்டை போட எனக்கு மனசு வராது, இன்றைக்கு உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும்போதே இது என்னுடையது இல்லை என்று கண்டுபிடித்திருப்பாய். என் இரண்டு கையிலும் பின்னல் ஊசி இருக்கிறது. பின்னிக்கொண்டே சொல்கிறேன், சின்னவள் எழுதுகிறாள். நான் ஊசியில் கண்ணி எண்ணும்போது பேச்சு நின்றுவிடும், அந்த நேரத்தில் அவள் சும்மா இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஆகையால் அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவளுடைய கைங்கரியம், அதற்கு நான் பொறுப்பில்லை. (ஆமாம் அக்கா. அப்பா சொல்வதில் ஒரு வார்த்தையும் விட மாட்டேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாக்கியங்களை மட்டும் நான் முடித்து வைக்கிறேன், அப்பா எந்த வாக்கியத்தையும் முடிப்பதில்லை.)

போன வாரம் நீ அம்மாவோடு போனில் பேசியதை நான் சமையலறையில் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, உன் அம்மாவின் போன் அப்படி, அவள் காதில் வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அப்பாவை இதோட நிறுத்திக்கச் சொல்லுங்கம்மா, குழந்தைக்கு வேணுங்கிறதை நாங்க இங்கேயே கடையில வாங்கிக்கிறோம், இவங்க வீட்டுல எல்லாரும் நல்ல நல்ல பெட்டியில போட்டுக் கொடுக்கிறாங்க, அங்க போயி நம்ம பழைய நூலை எப்படிக் காட்டுறது, அத்தை சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மானமே போச்சு என்றாய். அதை அப்பாகிட்டயே சொல்லேன்டி என்று அம்மா சொன்னதும் டாக்டரைப் பார்க்க நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். சரி. அத்தை சொன்ன கதையைக் கேட்டுவிட்டாய். இப்போது என் கதையையும் கேள், இதை நீ வைத்துவிட முடியாது, கடிதம்.

இது நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஆரம்பித்த வேலை என்பதால் உனக்கு முழுசாகத் தெரியாது. முழங்கால் போய் என்னைக் கண்டக்டர் வேலையிலிருந்து இறக்கி டெப்போவில் தவறவிட்ட பொருட்கள் அறையில் உட்கார வைத்தார்கள் அல்லவா, அங்கே வருவதெல்லாம் குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை ஒரு முழுப் பல்செட். பல்செட்டுக்காரர்கூட வந்து வாங்கிக்கொண்டு போனார். ஒரு பைக்கு மட்டும் யாரும் வரவில்லை. உள்ளே இரண்டு ஊசி, ஒரு பந்து உல்லன் நூல், படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம், குதிகால் வரைக்கும் பின்னிய பாதி காலுறை. கெடு முடிந்ததும் மேற்பார்வையாளர் வந்து, எடுத்துட்டுப் போறியா, குப்பையில போடவா என்றார். யாரோ அவ்வளவு கவனமாகக் குதிகால் வரை வந்திருக்கிறார்கள், அதை எப்படிக் குப்பையில் போடுவது. சின்னவள் புத்தகத்தைப் பார்த்துப் படித்துப் படித்துச் சொல்ல நான் அந்தக் காலுறையை முடித்தேன். எந்தக் காலுக்கும் சேரவில்லை. இப்போது அது அவள் தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை. (பள்ளியில் எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள் அக்கா. அப்பா பின்னியது என்றுதான் சொல்கிறேன்.) அதிலிருந்து கவுண்டரில் உட்கார்ந்து பின்னுகிறேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, என்னண்ணே, வீட்டுல பொம்பளைங்க இல்லையா என்றார். இருக்காங்க, வேலைக்குப் போயிருக்காங்க என்றேன். பத்து நாள் கழித்து அதே மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, எனக்கும் கழுத்துக்கு ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே, வண்டியில போகும்போது காத்து அடிக்குது என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டதும் ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள்.

நூலுக்கு நான் கடைக்குப் போவதில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருக்கிறேன். யாருக்கு எந்த ஸ்வெட்டர் பழசாகி, சிறிதாகி, முழங்கை கிழிந்துபோகிறதோ அதை அதில் போட்டுவிடுவார்கள். தையலைப் பிரித்து, நூலை உருவி, நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, கீழே கனமாக எதையாவது தொங்கவிட்டால் நூலில் இருக்கும் நெளிவெல்லாம் போய் நேராகிவிடும். நான் பின்னுவேன், உன் அம்மா கட்டுவாள். அவள் கட்டுகிற விதம் உனக்குத் தெரியும், அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைத் துணியில் கட்டி ஆவியில் வைப்பார்களே, அதேதான், துணிக்குப் பதில் பழுப்புத் தாள். முதலில் கையைக் கழுவுவாள். பொருளை நடுவில் குறுக்காக வைத்து, நாலு மூலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, ஒவ்வொரு நுனியையும் கொஞ்சம் வெளியே திருப்பி விடுவாள். பசை கிடையாது, ஒட்டுத்தாள் கிடையாது. நுனியைப் பிடித்து இழுத்தால் தாள் பூ மாதிரி திறந்துகொள்ளும், உள்ளே இருப்பதை வாங்கியவர் கை மட்டும்தான் முதலில் தொடும். உன் அத்தை வீட்டுக்காரர் முதல் தடவை அப்படி ஒரு பொட்டலத்தை வாங்கியபோது, என்னைக் கீறப் போறாங்களோன்னு நெனச்சேன், உள்ள கழுத்துத்துணிதான் இருக்கு, பொழைச்சேன் என்றார். அவர் வாய் அப்படி. ஆனால் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டுதான் போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு மதியச் சாப்பாடு போட்டாள், சொந்தக்காரர், அவள் அலுவலகத்துக்காரர் என்று கூடம் நிறைய ஆள். நான் ஒரு சால்வை பின்னிக்கொண்டு போனேன், கத்தரிப்பூ நிறம். வாங்கி நுனியை இழுத்தாள், தாள் திறந்தது, எடுத்துத் தோளில் போட்டாள். எல்லோர் முன்னாலும், டேய் தம்பி, நீ என்னமோ பின்றேன்னு சொன்னப்போ நான் நம்பலடா, நூல் என்ன நைசா இருக்கு, கடைச் சரக்கு தோத்துது போ என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதோடு விட்டாளா. பேச்சுவாக்கில், போன தடவை உன் வீட்டுக்கு வந்தப்போ என் ஸ்வெட்டரை விட்டுட்டு வந்துட்டேன்டா, இதே நெறம்தான், யார்கிட்டயாவது கொடுத்தனுப்பு என்றாள். (அக்கா, அந்த நிமிடம் அம்மா தன் தட்டையே பார்த்தாள். அப்பா அத்தையின் தோளைப் பார்த்தார். அத்தையும் மெதுவாகத் தன் தோளைப் பார்த்தாள். நான்தான் முதலில் சிரித்தேன், அடக்க முடியவில்லை.) அவள் வந்தபோது புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி அந்தக் கூடைமேல் போட்டிருக்கிறாள். கூடையில் கிடந்தால் எனக்கு நூல். இவ்ளோ நல்லதை யாருங்க போட்டது என்று உன் அம்மா கேட்டதும் உண்மை, யாராவது குண்டாகியிருப்பாங்க என்று நான் சொன்னதும் உண்மை. என் பொருளையே பிரிச்சு எனக்கே பரிசா கொடுத்த ஒரே ஆள் இந்த உலகத்துல நீதான்டா என்று கத்தினாள். அவள் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். ஒரு சாண் நூலைக்கூட நான் வச்சுக்கலக்கா, உள்ளே போனதெல்லாம் வெளியே வந்திருக்கு என்றேன், அதற்கு இன்னொரு தரம் திட்டினாள். இதையெல்லாம் அத்தை உன்னிடம் சொல்லியிருப்பாள். திட்டி முடிக்கிற வரைக்கும், நாங்கள் கிளம்பி வாசலுக்கு வருகிற வரைக்கும் அந்தச் சால்வையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை என்பதைச் சொன்னாளா என்று கேட்டுப்பார்.

கடையில் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் இப்போதும் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்து என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்று எனக்குப் புரியவில்லை. எதில் மானம் போயிற்று. இத்தனை வருஷம் பேருந்தில் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து டிக்கெட் கிழித்தேன், அப்போது என் விரலெல்லாம் எச்சில், சட்டையில் ஊரான் வியர்வை, அதில் உனக்கு மானம் போகவில்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாய். இப்போது அதே கை சுத்தமாகக் கழுவிக்கொண்டு நூலைப் பிடித்தால் மானம் போகிறதா. நான் யாரிடமும் திருடவில்லை, அத்தை விஷயம் தவிர. பரிசு என்றால் பெட்டி பளபளக்க வேண்டும் என்று யார் சொன்னது. உங்கள் வீட்டில் கொடுக்கிறவர்கள் அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் கையில் வைத்திருப்பார்கள். நான் உன் பிள்ளைக்குப் பின்னுவதை நாலு மாதமாகக் கையில் வைத்திருக்கிறேன்.

ஆமாம், பின்னிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு தொப்பி முடிந்துவிட்டது. பிறந்த குழந்தையின் தலை எவ்வளவு இருக்கும் என்று உன் அம்மாவைக் கேட்டேன், பிரசவ வார்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, நம்ம கூடத்து உருண்டை விளக்கு அளவு இருக்கும் என்றாள். விளக்குக்கு மாட்டிப் பார்த்தேன், கச்சிதம். அன்றைக்குப் பார்த்து மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் விளக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்ன சார், கரண்டுக்குக் குளிருதா என்றான். கிண்டல் பண்ணட்டும். தொப்பி தொப்பிதான். அதோடு ஒரு போர்வை. இப்போது கையில் இருப்பது அதுதான், ஓரத்தில் இன்னும் நாலைந்து வரிசைதான் பாக்கி. பச்சை, சின்னவளுடைய பள்ளி ஸ்வெட்டர், அவள் வளர்ந்துவிட்டாள். சாம்பல் நிறம் அம்மாவுடையது. நடுவில் வருகிற சிவப்பு உன்னுடையது, அலமாரியில் நீ விட்டுவிட்டுப் போனாயே அது. அதற்கும் உன்னிடம் கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன், பிரித்தாயிற்று. நீ போன் பண்ணிய அன்று போட்ட வரிசையில் ஒரு கண்ணி நழுவி அந்த இடம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அம்மா பிரித்துப் போடச் சொன்னாள். மாட்டேன் என்றேன், இருக்கட்டும், நீ பேசியதும் அதில் இருக்கட்டும்.

அக்கா, இங்கிருந்து எழுதுவது உன் தங்கை. இதை அடைப்புக்குறிக்குள் அடக்க முடியாது. மேலே உள்ள வரியைச் சொல்லிவிட்டு அப்பா நிறுத்தினார். கண்ணி எண்ணுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன், ஆனால் உதடு அசையவில்லை. பிறகு இரண்டு ஊசியையும் போர்வையிலேயே குத்தி மடியில் வைத்துவிட்டு, எழுதும்மா என்றார். சரி, நீ சொன்னபடியே நிறுத்திக்கொள்கிறேன், போர்வை இங்கே அலமாரியில் இருக்கட்டும், உனக்கு அங்கே சங்கடம் வேண்டாம் என்று சொன்னார். அந்த வாக்கியத்தை மட்டும் அவரே முழுசாக முடித்தார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் எழுத மாட்டேன் என்றேன். என்னடி இது, எழுதத்தானே உட்கார்ந்திருக்கே என்றார். நீங்க சொன்னதையெல்லாம் எழுதினேன், இது நீங்க சொல்றதில்லை, அக்கா சொன்னது, வேணும்னா அவளே எழுதிக்கட்டும் என்றேன். வாய் ரொம்ப நீளுது என்றார். நீளட்டும் என்றேன். இதுவரைக்கும் நான் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை, மேலே உள்ள மைத்துளி அப்போது விழுந்தது.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்து பின்னுகிறேன் என்று அப்பா சொன்னதை நான் அப்படியே எழுதினேன், ஆனால் அது இப்போது உண்மை இல்லை. நீ போன் பண்ணிய மறுநாளிலிருந்து அப்பா டெப்போவுக்கு ஊசிப் பையை எடுத்துப் போவதில்லை. ஏன் என்று கேட்டால் அங்கே வெளிச்சம் போதவில்லை, கண் வலிக்கிறது என்கிறார். வீட்டில்தான் பின்னுகிறார், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. போன சனிக்கிழமை யாரோ மணி அடித்தபோது போர்வையைச் சட்டென்று மெத்தைக்கு அடியில் தள்ளினார். வந்தது பால்காரர். மேற்பார்வையாளர் கிண்டல் பண்ணினார், மாமா பண்ணினார், மீட்டர்காரர் பண்ணினார், அத்தை கூடத்தில் வைத்துக் கத்தினாள், ஒன்றும் ஆகவில்லை, ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே வந்து எங்களுக்கு நடித்துக் காட்டினார். நீ ஒருத்திதான் சிரிக்காமல் சொன்னாய். உன்னுடைய வெட்கத்தை அப்பா கற்றுக்கொண்டுவிட்டார் அக்கா. அங்கே நீ தனியாக அவர்களுக்கு நடுவில் இருக்கிறாய், உனக்கும் கஷ்டம் இருக்கும், நான் யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் இது சரியில்லை. நீ என்னைவிடப் பெரியவள், நான் சொல்லக் கூடாதுதான். சொல்கிறேன்.

இதற்குள் அம்மா மருத்துவமனையில் காலை ஷிப்ட் முடிந்து வந்துவிட்டாள். என்ன, அப்பாவும் பொண்ணும் மொறச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அம்மா போய்க் கையைக் கழுவினாள், விரலிடுக்கு, நகம், முழங்கை வரைக்கும். பழுப்புத் தாளை மேசையில் விரித்து அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். முடிச்சுக் குடுங்க, நாளைக்குப் போற வழியில தபால்ல போட்டுட்டுப் போறேன் என்றாள். அவதான் வேணாங்கிறாளே என்றார் அப்பா. அவ என்கிட்ட சொன்னா, உங்ககிட்ட சொல்லல, உங்ககிட்ட சொல்ற தைரியம் அவளுக்கு வரட்டும், அப்ப பாத்துக்கலாம், நான் கை கழுவிட்டேன், இனி எதையும் தொட முடியாது, சீக்கிரம் குடுங்க, பசிக்குது என்றாள். அப்பா இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். எழுந்து நின்று முழுவதையும் படித்தேன். டெப்போ, மெத்தை வருகிற இடத்தில் அதை அடி என்றார். அடிக்க மாட்டேன் என்றேன். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அவள் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்த் தெருக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து ஊசியை எடுத்தார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார், நன்றாகப் பார்த்திருப்பார். கதவு திறந்தபடியே இருக்க, அப்பா கடைசி வரிசையை முடித்தார்.

மறுபடியும் அப்பா. சின்னவள் எழுதியதை அடிக்கவில்லை, பேனா அவள் கையில் இருக்கிறது, நான் என்ன செய்ய. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். போர்வை முடிந்தது. உன் அம்மா நாலாவது மூலையை மடித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அது கிளம்பும், நாளைக்கே என் பையும் டெப்போவுக்குக் கிளம்பும், வெளிச்சம் போதாவிட்டால் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் எனக்கு நீ எழுது. அத்தையிடம் சொல்லாதே, அம்மாவிடம் சொல்லாதே, உன் கையால் எனக்கு எழுது. வந்தால் படிப்பேன். படித்துவிட்டுப் பின்னுவேன். அடுத்தது உன் மாமியாருக்குத்தான், ஒரு சால்வை. அவர்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எழுது. கேட்க வெட்கமாக இருந்தால் விடு, நானே ஒரு நிறம் பார்த்துப் போடுகிறேன், அவர்கள் ஸ்வெட்டர் எதுவும் இங்கே கிடையாது, பயப்பட வேண்டாம்.

மாத்திரையை வேளாவேளைக்குப் போடு. காலைத் தொங்கவிட்டு அதிக நேரம் உட்காராதே, வீங்கும். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, குழந்தையும் நீயும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம், இதில் கோபம் எதுவும் கலக்கவில்லை. ஒன்று மறக்காதே, போர்வையைச் சுடுதண்ணீரில் போடாதே, சுருங்கிக் கைக்குட்டை ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், தட்டையாக விரித்துக் காயவை. பிள்ளை அதில் முதல் தடவை வாந்தி எடுத்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுது.

உன் அப்பா

எழுதியது: தங்கை